திட்டாதே, தேதி குறிச்சுக் கொடு

தங்கச்சி, வீட்டுக்காரர் பீடியை விடணும்னு நீ நினைக்கிறது சரிதான். ஆனா பீடிக் கட்டைப் பிடுங்கி அடுப்புல போடறது, குழந்தை தலையில அடிச்சு சத்தியம் வாங்கறது, இந்த ரெண்டையும் முதல்ல விடு. பிடுங்கினா அவர் கரும்புக்காட்டு வரப்புல உட்கார்ந்து குடிப்பார். சத்தியம் தவறினா அதை மறைக்கப் பொய் சொல்வார். உனக்குத் தெரியாம குடிக்கிற பீடிக்கு உன்னால ஒரு வழியும் பண்ண முடியாது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிச்சு வை. காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடியைப் பத்த வைக்கிறார்? அரை மணிக்குள்ளேன்னா நிக்கோட்டின் உடம்பை நல்லாப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். வைராக்கியம் மட்டும் அவருக்குப் போதாது, மருந்தும் வேணும். அரூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், "பீடியை விடணும், உதவி பண்ணுங்க"ன்னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லு. மருந்துக்கடையில நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கும். அதை மிட்டாய் மாதிரி மென்னுக்கிட்டே இருந்தா விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவா நாலஞ்சு தடவை மெல்லணும். வாய் சுருக்குன்னதும் கன்னத்து ஓரமா ஒதுக்கிடணும். சுருக்கு அடங்கினதும் திரும்ப மெல்லணும். அரை மணி நேரம் இப்படியே. டீ குடிச்ச கையோட போட்டா மருந்து சரியா ஏறாது, கால் மணி நேரமாவது பொறுக்கணும். நெஞ்சுவலி, ஹார்ட் தொந்தரவு இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம வாங்கவே கூடாது.

அடுத்தது தேதி. ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு நாளா இருக்கட்டும். கரும்பு வெட்டு, மஞ்சள் வேக வைக்கிற நாள், சொந்தத்துல கல்யாணம், இதெல்லாம் வேண்டாம். நம்ம பக்கத்துல இதுக்குன்னே ஒரு வசதி இருக்கு: மாலை போடறது. ஐயப்பனுக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் பீடி பக்கமே திரும்பாதவங்க எத்தனை பேர்! இவரால முடியாதுன்னு யார் சொன்னது? பீடியை நிறுத்தின முதல் சில நாள்தான் எரிச்சலும் தூக்கம் வராததும் உச்சத்துல நிக்கும். மூணு நாலு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும். அப்போ மாலையைக் கழட்டுற நேரத்துல உடம்போட சண்டை கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு. பாக்கி இருக்கறது டீக்கடை பெஞ்சும் கூட்டாளியும். அதனால மாலை போடற நாளை விட, கழட்டுற நாளுக்குத்தான் ஏற்பாடு வேணும். அன்னைக்கு டீ வீட்டுலயே போடு. பீடி நீட்டற கூட்டாளிகிட்ட, "நான் விட்டாச்சு, நீட்டாதே"ன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொல்லு. "ஒண்ணே ஒண்ணு"ங்கிறதுலதான் எல்லாம் கவிழுது.

நடுவுல ஆசை வந்தா அது சில நிமிஷம்தான் நிக்கும். வறுத்த கடலை, பெருநெல்லி, ஒரு செம்பு தண்ணி போதும். பாக்கு மட்டும் வேண்டாம். புகையிலை சேராத வெறும் பாக்கே வாய்ப்புற்று வர வைக்கும். ஹான்ஸ் புகையிலையை உதட்டுக்குள்ள வச்சுக்கிட்டு "பீடியை விட்டுட்டேன்"னு சொல்றவரையும் நம்பாதே.

கூலி வேலை செய்றவங்க பீடியை விட முடியாம தவிக்கிறதைச் சோம்பேறித்தனம்னு நினைக்காதே. மதியச் சாப்பாடு தள்ளிப் போகும்போது பசியை மந்தமாக்கறது அதுதான். 2016-17ல எடுத்த உலகப் பெரியவர் புகையிலைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ஐந்துல ஒருத்தர் ஏதோ ஒரு புகையிலை பயன்படுத்தறதா வந்துச்சு. நாடு முழுக்கவே படிப்பு குறைஞ்சவங்ககிட்டதான் இது அதிகம். புகைக்கிறவங்களுக்கு வர்ற சாவும் வேற மாதிரி. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும் கூட இருந்தவங்களும் சென்னையிலயும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்கள்லயும் 43,000 ஆண்களோட இறப்பை ஆராய்ஞ்சு, 2003ல 'லான்செட்' இதழ்ல எழுதினாங்க. பீடி, சிகரெட் குடிச்சவங்க டிபியால சாகறது, குடிக்காதவங்களை விட நாலு மடங்குக்கும் மேல. புகைன்னதும் நாம புற்றுநோயைத்தான் நினைக்கிறோம், நம்ம ஆண்களை டிபியும் சேர்த்துல்ல கொண்டு போகுது! அதனால ரெண்டு வாரம் தாண்டின இருமலை "பீடி இருமல்"னு விட்டுடாதே. அரசு ஆஸ்பத்திரியில சளிப் பரிசோதனையும் டிபி மருந்தும் இலவசம். சிகிச்சையில இருக்கிறவங்களுக்குச் சத்துணவுக்காக மாசம் 1,000 ரூபாயும் தர்றாங்க.

அம்மா, மாமியார் போடற போயிலையை யாரும் கெட்ட பழக்கம்னு கணக்குல எடுக்கறதே இல்லை, அதுல எனக்குக் கோபம். வெத்தலையோட போனாலும் புகையிலை புகையிலைதான். மாசம் ஒரு தடவை டார்ச் அடிச்சு அவங்க வாயைப் பாரு. வெள்ளையாவோ சிவப்பாவோ திட்டு, ரெண்டு வாரமா ஆறாத புண், வாய் முழுசாத் திறக்க முடியாதது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். மாசமா இருக்கிற பொண்ணு போயிலை போட்டா குழந்தை எடை குறைஞ்சு பிறக்கலாம்.

"இந்த வயசுக்கு மேல விட்டு என்ன ஆகப்போகுது"ன்னு அப்பா கேட்பார். பிரிட்டன்ல டாக்டர்களையே 50 வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வுல, 60 வயசுல சிகரெட்டை விட்டவங்களுக்கும் சுமார் மூணு வருஷ ஆயுள் கூடியிருக்கு. 30 வயசுல விட்டவங்களுக்குப் பத்து வருஷம்.

சித்தேரி மலையிலேர்ந்து அரூர் வந்து போக ஒரு நாள் கூலி போயிடும். அவங்களுக்கு போன்தான் வழி. புகையிலையை விட உதவற நம்பர் 1800-11-2356, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். இந்த நம்பர் பீடிக் கட்டுலயே அச்சாகியிருக்கு, குடிக்கிறவர் பல பேருக்கு அதைப் படிக்கத்தான் தெரியாது. நீ படிச்சவ. உன் போன்ல இப்பவே ஏத்தி வை. அவர் "விடலாம்னு பார்க்கிறேன்"னு சொல்ற அன்னைக்கு நீயே போட்டு அவர் கையில கொடு.