வைகாட்டோ அறுவடைக்குப் போகும் தம்பிக்குப் பத்து அறிவுரைகள்

தம்பி, நியூசிலாந்தின் வைகாட்டோ பக்கம் மக்காச்சோள அறுவடைக்கு டிராக்டர் ஓட்டப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். மிகவும் சந்தோஷம். அந்த மண்ணில் வண்டி ஓட்டியவன் என்கிற உரிமையில் சில விஷயங்களைச் சொல்லி அனுப்புகிறேன்.

மோரின்ஸ்வில், மாட்டாமாட்டா, டே அவமுட்டு என்று அங்கே எந்த ஊருக்குப் போனாலும் மாட்டுப் பண்ணைகள்தான். அக்டோபர், நவம்பரில் விதைத்த மக்காச்சோளத்தைப் பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை தட்டையும் கதிருமாகச் சேர்த்து அறுத்து, குவித்துப் புளிக்கவைக்கும் மாட்டுத் தீவனமான சைலேஜ் போடுவார்கள். பெரும்பாலான பண்ணைக்காரர்களிடம் அதற்கான இயந்திரம் இருக்காது. கான்ட்ராக்டர் தன் அறுவடை இயந்திரம், டிராக்டர்கள், ஆட்களோடு பண்ணை பண்ணையாகப் போய் வேலையை முடித்துக் கொடுப்பார். ஒரு இயந்திரம் அறுக்கும், நாலைந்து வண்டிகள் சுமக்கும், ஒரு வண்டி குவியலை மிதிக்கும். இதில் ஒருவர் தடுமாறினால் எல்லோரும் நிற்க வேண்டும். அதனால் கான்ட்ராக்டர் தேடுவது, கவலையில்லாமல் சாவியைக் கொடுக்கக்கூடிய ஆளை. அந்த ஆளாக நீ ஆக வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. வேலை வாங்கித் தர யாருக்கும் பணம் கொடுக்காதே.
வேலை கொடுப்பதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவதை நியூசிலாந்தின் 1983ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் உன் உரிமை. மணிக்கணக்குச் சம்பளம், தங்குமிட வாடகை, மழை நாளில் என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே படித்துப் பார். 2025 ஏப்ரலில் பெரியவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 23.50 டாலராக இருந்தது. நீ போகும் ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள், அதற்குக் கீழே ஒப்புக்கொள்ளாதே. போனவுடன் ஐ.ஆர்.டி. எண் என்ற வரி எண்ணை வாங்கிவிடு. அந்த எண்ணைக் கொடுக்காதவர்களின் சம்பளத்தில் 45 சதவீதம் வரியாகவே போய்விடும்.

2. தெரியாததை முதல் நாளே சொல்லிவிடு.
நம் ஊரில் 45, 50 எச்.பி. டிராக்டரில் கை தேர்ந்தவனாக நீ இருக்கலாம். அங்கே டிரெய்லர் இழுக்கும் வண்டியே 200 எச்.பி.யைத் தாண்டும். கிளட்சை மிதித்து கியர் மாற்றும் பழக்கம் அதில் உதவாது. எல்லாம் ஒரு நெம்புகோலிலும் ஒரு திரையிலும் இருக்கும். "எனக்கு இந்த மாடல் புதிது, அரை மணி நேரம் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்பவனை அங்கே யாரும் குறைத்து நினைப்பதில்லை. தெரிந்த மாதிரி ஏறி உட்கார்ந்து கியர்பாக்ஸைக் கெடுப்பவனுக்குத்தான் மறுநாள் வேலை இருக்காது. இன்னொன்று: பல வண்டிகளில் டீசல் டேங்கின் பக்கத்திலேயே நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று இருக்கும். அது டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ என்ற திரவத்தை ஊற்றுவதற்கு. ஒன்றில் ஊற்ற வேண்டியதை மற்றொன்றில் ஊற்றிவிட்டால் பழுதுபார்க்கும் செலவு ஆயிரக்கணக்கான டாலரில் போகும். இருட்டிலும் அவசரத்திலும் மூடியின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஊற்று.

3. காலை நேரத்தை வண்டிக்குக் கொடு.
பனி காய்வதற்குள் கிரீஸ் அடி. டிரெய்லரின் சக்கர நட்டுகள், பிரேக் குழாய்கள், கொக்கி, விளக்குகள் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார். மக்காச்சோளத் தூசி ரேடியேட்டரை அடைக்கும், புகைபோக்கி ஓரமாகச் சேர்ந்து தீப்பிடிக்கும். காற்றடித்து அதைத் துப்புரவாக வெளியேற்று. தீயணைப்பான் இருக்கிறதா, அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார். கண்ணாடிகளையும் கேமராவையும் துடை. அறுவடை தொடங்கிவிட்டால் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.

4. சுற்றுகிற எதன் பக்கத்திலும் போகாதே.
டிராக்டரிலிருந்து கருவிக்குச் சக்தி கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று என்றால், வினாடிக்கு ஒன்பது சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. உறை உடைந்த ஷாஃப்டை ஓட்டாதே, தொங்குகிற துணி எதையும் உடுத்தாதே. எங்கே அடைத்துக்கொண்டாலும் இன்ஜினை நிறுத்து, சாவியை எடுத்துப் பையில் போடு, அதற்குப் பிறகு இறங்கு. அறுவடை இயந்திரத்தின் கத்தி உருளை இன்ஜின் நின்ற பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நின்றதைக் கண்ணால் பார்த்து, ஓட்டுநரும் வாயால் சொன்ன பிறகுதான் பக்கத்தில் போக வேண்டும்.

5. பக்கவாட்டில் ஓட்டும் கலையைப் பொறுமையாகப் படி.
இந்த வேலையின் உயிரே இதுதான். இயந்திரம் ஒரு பக்கம் அறுத்துக்கொண்டே போகும். அதன் நீண்ட குழாய் நறுக்கிய தீவனத்தை உன் டிரெய்லருக்குள் வீசும். நீ அதே வேகத்தில், அதே இடைவெளியில், பக்கத்திலேயே போக வேண்டும். முன்பக்கம் நிறைந்ததும் அரை அடி, ஒரு அடியாக முன்னே நகர்ந்தால் டிரெய்லர் பின்னோக்கி நிறையும். வேகத்தைத் திடீரென்று கூட்டினால் தீவனம் மண்ணில் கொட்டும், குறைத்தால் உன் கேபின் மேலேயே கொட்டும். இயந்திரம் ஓட்டுபவர் வேகம் மாற்றுவார் என்று காத்திராதே. வரிசை முடிவதையும் மேடு வருவதையும் முன்கூட்டியே பார்த்துத் தயாராக இரு. ரேடியோவில் "நிறைந்தது", "வருகிறேன்", "நில்" போன்ற சின்னச் சின்ன வார்த்தைகள் போதும். "நில்" என்று யார் சொன்னாலும் முதலில் நில், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்.

6. ரோட்டில் மற்றவர்களின் அவசரத்தையும் கணக்கில் எடு.
அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான். அது ஒரு வசதி. ஆனால் கார் உரிமத்தில் டிராக்டர் ஓட்டுபவருக்கு வேக எல்லை மணிக்கு 40 கி.மீ., அதே கிராமத்து ரோட்டில் கார்கள் 100 கி.மீ. வரை வரலாம். அப்படியென்றால் பின்னால் வரும் கார் வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் உன்னை நெருங்குகிறது. மஞ்சள் சுழல்விளக்கைப் போட்டு வை. பின்னால் வரிசை சேர்ந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி விட்டுக்கொடு. வயலில் இருந்து வந்த மண்ணும் தட்டையும் தார் ரோட்டில் விழுந்திருந்தால் உடனே ரேடியோவில் சொல். மழை பட்டால் அதில் மோட்டார் சைக்கிள்காரர் வழுக்கி விழுவார்.

7. சரிவிலும் மின்கம்பிக்குக் கீழும் அவசரமே கூடாது.
ஏற்றிய டிரெய்லர் சரிவில் டிராக்டரைத் தள்ளும். இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடு, நடுச் சரிவில் மாற்ற முயலாதே. கொட்டும் இடம் சமமாக இல்லையென்றால் டிரெய்லரைத் தூக்காதே. உயர்த்திய நிலையில்தான் அது எளிதில் கவிழும். தூக்குவதற்கு முன் மேலே பார். மின்கம்பியிலிருந்து குறைந்தது 4 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். கொட்டி முடித்ததும் டிரெய்லர் முழுதாக இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஒருவேளை கம்பி பட்டுவிட்டால் கேபினை விட்டு இறங்காதே, அவசர எண் 111க்குப் பேசு, யாரையும் அருகில் விடாதே. தீப்பிடித்து வெளியேறியே ஆக வேண்டும் என்றால் இரண்டு காலையும் சேர்த்துவைத்துக் குதி. வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடாதே. குதித்த பிறகும் காலைப் பிரிக்காமல் சின்னச் சின்னத் தாவலாகவே விலகிப் போ.

8. குவியல் எதற்கு என்று புரிந்துகொண்டு வேலை செய்.
கதிரை இரண்டாக ஒடித்து மணியைப் பார். மேல்பாதி மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, கீழே இன்னும் பால் இருக்கும். நகத்தால் அழுத்தினால் இரண்டும் பிரியும் கோடு தெரியும். அந்தக் கோடு மணியின் பாதியைத் தாண்டி மூன்றில் இரண்டு பங்கு வரை இறங்கியிருந்தால், பயிரில் உலர்பொருள் 35 சதவீதம் அளவில் இருக்கும், அதுதான் அறுவடைப் பருவம். ஈரம் மிஞ்சினால் சாறு வழிந்து சத்து வீணாகும். காய்ந்துபோனால் அழுத்த முடியாமல் காற்று தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காற்று இல்லாத இடத்தில்தான் தீவனம் சரியாகப் புளித்துக் கெடாமல் நிற்கும். அதனால் குவியலின் மேல் தீவனத்தை மெல்லிய அடுக்காகப் பரப்பி மிதிப்பார்கள். மணிக்கு 100 டன் வந்து சேர்ந்தால், மிதிக்கும் வண்டிகளின் மொத்த எடை 40 டன்னாவது இருக்க வேண்டும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. மிதிப்பவர் திணறினால் கொண்டுபோய்க் குவித்துக்கொண்டே இருக்காதே, "கொஞ்சம் மெதுவாக" என்று இயந்திரம் ஓட்டுபவருக்குச் சொல். பிளாஸ்டிக் போர்த்திப் பழைய டயர் அடுக்கும்போது ஆள் குறைந்தால் நீயும் கை கொடு. குளிர்காலம் முழுக்க அந்தப் பண்ணையின் மாடுகள் இதை நம்பித்தான் இருக்கும்.

9. ஒரு பண்ணையின் மண்ணை இன்னொரு பண்ணைக்குக் கொண்டுபோகாதே.
வைகாட்டோவின் மக்காச்சோள வயல்களை வெல்வெட்லீஃப் என்ற களை அச்சுறுத்துகிறது. நம் ஊர்த் துத்தியின் இனம்தான் அது, அதே மாதிரி மஞ்சள் பூ. அதன் விதை மண்ணுக்குள் ஐம்பது ஆண்டுகள் வரை உயிரோடு கிடக்கும். அறுவடை வண்டிகளில் ஒட்டிக்கொண்டு பண்ணைக்குப் பண்ணை போகும். சக்கரம், டிரெய்லரின் மூலைகள், கேபினின் மிதியடி எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்பு. நீ தட்டிவிடாமல் போன ஒரு பிடி மண், இன்னொரு குடும்பத்துக்கு ஒரு தலைமுறைத் தொல்லையாக முடியும்.

10. தூக்கத்தை விற்றுக் காசு சேர்க்காதே.
வெயில் அடிக்கிற நாட்களில் விடிகாலை தொடங்கி இரவு வரை ஓட்டச் சொல்வார்கள். கூடுதல் மணி நேரம் கூடுதல் சம்பளம் என்ற ஆசை உனக்கும் வரும். அந்த நாட்டில் லாரி ஓட்டுநர்களுக்கு ஐந்தரை மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு சட்டப்படியே உண்டு. நீ அதை உனக்கும் விதியாக வைத்துக்கொள். இறங்கி நட, தண்ணீர் குடி, கையோடு கொண்டுபோன சோற்றைச் சாப்பிடு. கண் சொருகினால் ரேடியோவில் வெளிப்படையாகச் சொல். 2015ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், கடுமையான ஆபத்து இருப்பதாகத் தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி வேலையை நிறுத்தலாம் என்கிறது. அது வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கும் உண்டான உரிமை. அடிபட்டால் ஏ.சி.சி. என்ற அரசு விபத்துக் காப்பீடு, யார் தவறு என்று பார்க்காமல் சிகிச்சைக்கு உதவும். சின்னக் காயத்தையும் மறைக்காமல் பதிவு செய்.

சீசன் முடிந்ததும் வண்டியைக் கழுவி, டேங்கை நிரப்பி, பழுதுகளை ஒரு தாளில் எழுதி ஒப்படை. கான்ட்ராக்டரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கு. அந்தத் தொழிலில் ஒருவரை ஒருவர் அறிவார்கள், நல்ல பெயரும் கெட்ட பெயரும் உனக்கு முன்பே அடுத்த பண்ணைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உனக்குப் பின்னால் நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் பலர் வேலை கேட்டு வருவார்கள். அவர்களை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர், முதலில் உன்னைத்தான் நினைத்துப் பார்ப்பார்.