ஐந்து நிமிடப் பேச்சு

கே: என் மகன் அக்னிவீரராகச் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சியில் இருக்கிறான். போன் செய்தால் ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுகிறான். எதையாவது மறைக்கிறானோ?
– ஒரு தாய், தேனி

ப: தூக்கம் சொக்குகிறது அம்மா, பெரும்பாலும் அவ்வளவுதான். நீலகிரிக் குளிரில் விடியுமுன் எழுந்து ஓட்டம், பி.டி., டிரில், துப்பாக்கிப் பயிற்சி. நாளெல்லாம் உஸ்தாதின் (பயிற்றுநரின்) அதட்டல். செல்போனுக்கும் கட்டுப்பாடு உண்டு. அவன் இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் என்பதால் பக்கத்துக் கட்டிலில் தமிழ் பேச ஆள் இருக்கும். வடக்கே போன பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை; இந்தியும் புரியாமல் திட்டு வாங்குவார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள், தெருக்கதை சொல்லுங்கள். கடன் பேச்சும், “எப்போடா வருவே?”யும் வேண்டாம். பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்புக்குப் பெற்றோரையும் அழைப்பார்கள். போகும்போது ஸ்வெட்டரை மறந்துவிடாதீர்கள்.