சேச்சிக்கு என்ன கொடுப்பது?

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடைவீதி இருக்கிறது. அதன் பெயர் சாலை. இந்தக் கடைவீதியை அமைத்தவர் ராஜா கேசவதாஸ். அவர் 200 ஆண்டுகளுக்கு முன்பு திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். அரிசி, பலசரக்கு, பித்தளைப் பாத்திரம், துணி, பூ என்று எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

அங்கே ஒரு பெண் பூக்கட்டி விற்கிறாள். பூ தோவாளையிலிருந்து வருகிறது. விடியும் முன்பே மூட்டை வந்து இறங்கிவிடும். அவளும் தோவாளைப் பக்கத்துப் பெண்தான். கல்யாணமாகி இங்கே வந்தவள்.

அவள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு சேச்சி இருக்கிறார். வயது 60-ஐத் தாண்டிவிட்டது. தையல் வேலை செய்கிறார். பூக்காரப் பெண்ணின் மகனுக்கு ஒருமுறை கடுமையான காய்ச்சல் வந்தது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்போது மூன்று இரவு சேச்சிதான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பூக்காரப் பெண் பகலில் பூ விற்று, இரவில் போய்ப் பார்த்தாள். அவள் வியாபாரத்துக்குப் போகாவிட்டால் மருந்து வாங்கப் பணம் இல்லை.

அதற்குப் பிறகு சேச்சிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சேச்சியின் பிறந்த நாள் கும்ப மாதம், மகம் நட்சத்திரம். நாம் மாசி மகம் என்று சொல்கிறோமே, அந்த நாள்தான். கேரளத்தில் பலர் பிறந்த நாளைத் தேதி பார்த்துக் கொண்டாடுவதில்லை. மாதமும் நட்சத்திரமும் சேர்கிற நாளைப் பார்க்கிறார்கள். அதனால் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும்.

“சேச்சி, பொறந்த நாளுக்கு என்ன வேணும்? கூச்சப்படாம சொல்லுங்க.”

“எனிக்கு ஒண்ணும் வேண்டா மோளே. எல்லாம் இருக்கு.”

இதே கேள்வி, இதே பதில், மூன்று வருஷம் நடந்தது.

மூன்றாம் வருஷம் அவள் கேட்பதை நிறுத்தினாள். சாலையில் ஒரு கடைக்குப் போய் 600 ரூபாய்க்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தாள். நல்ல பச்சை நிறம். சேச்சி அதை வாங்கிக்கொண்டார், சிரித்தார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பச்சைச் சேலையைச் சேச்சியின் தங்கை மகள் கட்டிக்கொண்டு போனாள். பூக்காரப் பெண்ணுக்கு மனசு சுருக்கென்றது. 600 ரூபாய் சம்பாதிக்க எத்தனை முழம் பூக் கட்ட வேண்டும் என்று அவளுக்குத்தானே தெரியும்.

வேண்டாம் என்று சொன்ன ஒருவர்

“வேண்டாம்” என்று சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகச் சொல்வதில்லை. சிலருக்குக் கூச்சம். சிலருக்கு, வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற பயம். சிலருக்கு உண்மையாகவே பொருள் தேவையில்லை. இந்த மூன்றாவது ஆளிடம்தான் நாம் திண்டாடுகிறோம்.

அப்படி ஒருவர் காந்தியடிகள். 1901-ஆம் ஆண்டு அவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பினார். அங்கே இருந்த இந்தியர்கள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அவர்கள் தங்கம், வெள்ளி, வைரம் என்று கொண்டுவந்து குவித்தார்கள். கஸ்தூரிபாவுக்கு ஒரு தங்க அட்டிகை வந்தது. அதன் விலை 50 கினி. கினி என்பது அந்தக் காலத்து ஆங்கிலேயர் பணம்.

அன்று இரவு காந்தியடிகளுக்குத் தூக்கம் வரவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். மக்களுக்குச் செய்த வேலைக்குக் கூலி வாங்கலாமா என்று யோசித்தார். எல்லாவற்றையும் பொதுக் காரியத்துக்கு ஒப்படைப்பதாக ஒரு கடிதம் எழுதினார்.

கஸ்தூரிபா இதற்கு எளிதில் சம்மதிக்கவில்லை. நாளைக்கு மருமகள்கள் வந்தால் அவர்களுக்கு என்ன போடுவது என்று கேட்டார். நீங்கள் வெளியே உழைத்தபோது நான் வீட்டில் இரவு பகலாக உழைக்கவில்லையா, அது சேவை இல்லையா என்றும் கேட்டார். அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டு வேலையை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? கடைசியில் நகைகள் வங்கிக்குப் போயின. அவற்றைத் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் நலனுக்காக ஓர் அறக்கட்டளையில் ஒப்படைத்தார்கள்.

பிறகு அவர் பெரிய தலைவர் ஆனார். அவருடைய பிறந்த நாளைக் கொண்டாட எல்லாரும் ஆசைப்பட்டார்கள். அவர் அதை ராட்டை நாளாக மாற்றிவிட்டார். எனக்கு மாலை வேண்டாம், நூல் நூற்றுக் கொடுங்கள் என்பது அவர் விருப்பம். குஜராத்தில் அதற்கு ‘ரேண்டியா பாரஸ்’ என்று பெயர். ரேண்டியா என்றால் ராட்டை. பாரஸ் என்றால் துவாதசி. அவர்களும் திதி பார்த்துத்தான் பிறந்த நாள் கொண்டாடுவார்கள். சேச்சிக்கு நட்சத்திரம் போல அவருக்குத் திதி.

1944-இல் அவருக்கு 75 வயது ஆனது. அந்த ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி கஸ்தூரிபா சிறைக்காவலிலேயே இறந்துபோயிருந்தார். 75 வயதுக்கு 75 லட்சம் ரூபாய் திரட்ட வேண்டும் என்று நாட்டு மக்கள் முடிவு செய்தார்கள். அதற்கு மேலும் பணம் சேர்ந்தது. அக்டோபர் 2-ஆம் தேதி சேவாகிராமத்தில் அதை அவரிடம் கொடுத்தார்கள். அந்தப் பணம் அவருக்கு அல்ல. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கஸ்தூரிபாவின் பெயரால் வேலை செய்வதற்கு. அந்தப் பரிசை மட்டும் அவர் மறுக்கவில்லை.

அவருடைய கடைசிப் பிறந்த நாள் 1947-இல் வந்தது. அப்போது டெல்லியில் இருந்தார். நாடு பிரிந்து, மனிதனை மனிதன் வெட்டிக்கொண்டிருந்த காலம். வாழ்த்துகள் வந்து குவிந்தன. வாழ்த்துவதைவிட துக்கம் விசாரிப்பதே பொருத்தம் என்று அவர் வருந்தினார். அவர் கேட்ட பரிசு ஒன்றுதான். வெட்டுக் குத்து நிற்க வேண்டும். அந்தப் பிறந்த நாளுக்கு அது அவருக்குக் கிடைக்கவில்லை.

கையால் நூற்ற துணி

அதே 1947-இல், நவம்பர் 20-ஆம் தேதி, இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். உலகம் முழுவதிலிருந்தும் 2,500-க்கும் மேற்பட்ட பரிசுகள் வந்தன. அரண்மனைப் பெண்ணுக்கு என்ன குறை? எதுவும் தேவையில்லாத ஆள் அவர்.

காந்தியடிகளும் பரிசு அனுப்ப நினைத்தார். ஆனால் அவர் கையில் ஒன்றுமே இல்லை. இருந்ததை எல்லாம் எப்போதோ கொடுத்துவிட்டார். மவுண்ட்பேட்டன் ஒரு யோசனை சொன்னார். உங்களிடம் ராட்டை இருக்கிறதே, நூல் நூற்றுக் கொடுங்களேன் என்றார். காந்தியடிகள் நூற்றார். அந்த நூலில் ஒரு பின்னல் துணி தயாராயிற்று. மவுண்ட்பேட்டன் அதை லண்டனுக்கு எடுத்துப் போனார்.

இளவரசியின் பாட்டி மேரி ராணி அதைப் பார்த்தார். காந்தி கட்டும் வேட்டித் துண்டைத்தான் அனுப்பிவிட்டார் என்று தப்பாக நினைத்து முகம் சுளித்தாராம். நல்ல பரிசுக்கும் இப்படி நேரும். ஆனால் அந்தத் துணியைத் தூக்கிப் போடவில்லை. 70 ஆண்டுகள் கழித்து, 2018-இல், இந்தியப் பிரதமர் லண்டன் போனபோது எலிசபெத் ராணி அதை எடுத்துக் காட்டினார்.

பிறந்த நாளுக்கு முந்தின நாள்

திருவனந்தபுரத்திலேயே ஒரு பிறந்த நாள் கதை உண்டு. இது நேர்மாறான கதை. பிறந்த நாள்காரரே கொடுத்த கதை.

சித்திரைத் திருநாள் பாலராம வர்மா திருவிதாங்கூர் மகாராஜா. சித்திரை என்பது அவருடைய நட்சத்திரம். அவர் பிறந்தது 1912 நவம்பர் 7. துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், சித்திரை நட்சத்திரம் வரும் நாளில் அவருக்குப் பிறந்த நாள். ஒரு மகாராஜாவுக்கு யார் எதைக் கொடுப்பது?

அப்போது தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலுக்குள் போக முடியாது. சில கோவில்களைச் சுற்றியுள்ள தெருவில்கூட நடக்க முடியாது. வைக்கத்தில் 1924-இல் அதற்காகப் பெரிய போராட்டம் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து பெரியார் போய்க் கலந்துகொண்டு சிறைக்கும் போனார். அய்யங்காளி போன்றவர்கள் அதற்கும் முன்பிருந்தே போராடினார்கள்.

1936 நவம்பர் 12. மறுநாள் மகாராஜாவின் பிறந்த நாள். அன்று ஓர் அறிவிப்பு வந்தது. அரசின் பொறுப்பில் உள்ள கோவில்களில் இந்துக்கள் யாரையும் பிறப்பைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று அது சொன்னது. பல ஆண்டுகள் மக்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது அது. ராஜா தானமாகத் தந்தார் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். ஆனாலும் 24 வயது இளைஞர் கையெழுத்துப் போட்டார் என்பதும் உண்மை. 1937 ஜனவரியில் காந்தியடிகள் திருவனந்தபுரம் வந்து, இதுவரை வெளியே நின்ற மக்களோடு கோவிலுக்குள் போனார்.

சேச்சியின் செங்கல்

இனி பூக்காரப் பெண்ணிடம் வருவோம்.

சேலைக்குப் பிறகு அவள் சேச்சியிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தாள். கும்ப மாதம் பிறந்தது. சாலையில் மண்பானைகள் வந்து குவிந்தன. ஆற்றுக்கால் பொங்கலை நெருங்கினால் அப்படித்தான். கடைக்கு முன்னால் நடக்க இடம் இருக்காது.

ஆற்றுக்கால் பகவதி கோவில், பத்மநாபசுவாமி கோவிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். கும்ப மாதம் பூர நட்சத்திரத்தன்று அங்கே பொங்கல். கோவிலுக்குள் மட்டும் அல்ல. நகரத்துத் தெருவெல்லாம் பெண்கள் செங்கல் அடுப்பு வைத்து உட்காருவார்கள். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாக உலகச் சாதனைப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. நல்ல இடம் வேண்டுமானால் முதல் நாளே போய்ச் செங்கல் வைக்க வேண்டும். இரவு அங்கேயே தூங்க வேண்டும். பூரத்துக்கு முதல் நாள் மகம். அதாவது சேச்சியின் பிறந்த நாள்.

சேச்சி சாலையில் ஒரு பானையை எடுத்தார். விரலால் தட்டிப் பார்த்தார். விலை கேட்டார். திரும்ப வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பூக்காரப் பெண் எதிர்க் கடையிலிருந்து இதைப் பார்த்தாள்.

அன்று மாலை சேச்சி வீட்டுக்குப் பின்னால் போனாள். சுவர் ஓரம் மூன்று செங்கல் இருந்தன. ஒரு பக்கம் கருகியவை. மேலே பாசி படர்ந்திருந்தது. மூட்டு வலி வந்த பிறகு இரண்டு வருஷமாகச் சேச்சி பொங்கலுக்குப் போகவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கூட ஒரு ஆள் வேண்டும். அதை யாரிடமும் அவர் கேட்கவில்லை.

இதில் பூக்காரப் பெண்ணுக்கு ஒரு சங்கடம். பொங்கலுக்கு முதல் நாள்தான் பூ வியாபாரம் சூடு பிடிக்கும். அவள் கணக்குப்படி அந்த ஒரு நாள் மற்ற பத்து நாளுக்குச் சமம். பள்ளிக்கூடம் திறக்கும்போது மகனுக்கு நோட்டு, சட்டை வாங்குவது அந்தப் பணத்தில்தான். இரண்டு இரவு யோசித்தாள். சேலை என்றால் 600 ரூபாயோடு போகும். இது அதைவிட விலை.

மகத்தன்று மதியம் அவள் சேச்சி வீட்டுக்குப் போனாள். கையில் ஒரு புதுப் பானை, ஒரு உயரமான முக்காலி. செங்கல்லைப் பாசி போகத் தேய்த்துக் கழுவினாள்.

“இது எதுக்கு மோளே?”

“நீங்க சாயங்காலம் கிளம்பணும் சேச்சி. முக்காலியில உட்கார்ந்து கிண்டுங்க. நான் கூட இருக்கேன்.”

“உன் கச்சவடம்?” கச்சவடம் என்றால் வியாபாரம்.

“பூவை அங்கேயே கொண்டாந்து கட்டி விக்கிறேன். அத்தனை பெண்கள் வர்றாங்க, பூ வாங்க மாட்டாங்களா?”

சேச்சி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போனார். வெல்லம், பச்சரிசி, தேங்காய், ஒரு கட்டுத் தென்னம்பாளை எல்லாம் எடுத்து வந்தார். எல்லாம் முன்பே வாங்கி வைத்திருந்தது போலத் தெரிந்தது. பூக்காரப் பெண் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

தெருவில் பூ பாதிதான் விற்றது. மீதி வாடிவிட்டது. சாலையில் இருந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். இரவில் கொசு வேறு. சேச்சி பக்கத்து அடுப்புக்காரிகளோடு விடிய விடியப் பேசினார். கொல்லத்திலிருந்து வந்த ஒருத்தி, நாகர்கோவிலிலிருந்து வந்த ஒருத்தி என்று எல்லாரிடமும், “இது என்ட மோளு” என்று பூக்காரப் பெண்ணைக் காட்டினார்.

மறுநாள் காலை கோவில் அடுப்பில் தீ வைத்தார்கள். அந்தத் தீ கை மாறிக் கை மாறித் தெருத் தெருவாக வந்தது. நகரமே புகையில் மூழ்கியது. சேச்சி முக்காலியில் உட்கார்ந்து கிண்டினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. எல்லார் கண்ணிலும்தான் வழிந்தது, புகை அப்படி.

பொங்கல் பொங்கி வழிந்தது. பூசாரி வந்து தீர்த்தம் தெளித்துப் போனார். சேச்சி ஒரு வாழை இலைத் துண்டில் முதல் கரண்டியை வைத்துப் பூக்காரப் பெண்ணிடம் கொடுத்தார்.

“வெல்லம் கொஞ்சம் குறைஞ்சு போச்சு” என்றார். “அடுத்த வருஷம் ஒரு கிலோ கூடுதலா வாங்கணும், கேட்டோ?”

கிளம்பும்போது பூக்காரப் பெண் செங்கல்லை எடுக்கக் குனிந்தாள். சேச்சி வேண்டாம் என்றார். தெருவில் விட்டுப்போகும் செங்கல்லை மாநகராட்சி சேர்த்து எடுத்து, வீடு இல்லாதவர்களுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது. அடுத்த வருஷம் புதுசாக மூன்று வாங்கிக்கொள்ளலாம். பூக்காரப் பெண் காலிப் பானையைத் தூக்கிக்கொண்டாள். சேச்சி முக்காலியை ஒரு கையிலும், அவள் தோளை மறு கையிலும் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் இருவரும் மெதுவாக நடந்தார்கள்.