ஆடலை எழுதும் முறை

மொழிக்கு எழுத்து உண்டு. இசைக்குச் சுரம் உண்டு. ஆடலுக்கு எழுத்து உண்டோ? பாடியவர் மறைந்த பின்னும் பாட்டு ஏட்டில் வாழும். ஆடியவர் மறைந்தபின் ஆடல் எங்கே வாழும்? இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் மார்கழித் திங்களில் அரையர் சேவை நிகழும். கூம்பிய குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, அரையர் திவ்வியப் பிரபந்தப் பாசுரங்களை இசைத்து, அவற்றின் பொருளை மெய்ப்பாட்டால் புலப்படுத்துவர். பாசுரம் ஏட்டில் உண்டு, உரையும் உண்டு. கையசைவோ, மகன் தந்தையைக் கண்டு கற்பது. பண்டு பல திருப்பதிகளில் நிகழ்ந்த இச்சேவை, இன்று திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, கருநாடகத்து மேல்கோட்டை எனச் சில இடங்களிலேயே எஞ்சி நிற்கின்றது. கற்பார் இல்லாத ஊரில் கலையும் இல்லையாயிற்று.

நம் முன்னோர் இக்குறையை உணராதவர் அல்லர். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், ஒற்றைக் கை 33, இரட்டைக் கை 15 என வகுத்து விளக்கினார். இராசராசன் காலத்தில், 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில், 108 கரணங்களைக் கல்லில் செதுக்கத் தொடங்கினர். 81 முடிந்தன, எஞ்சிய 27-க்கு உரிய கற்கள் இன்றும் வெறுமையாகவே உள்ளன. தில்லைக் கீழைக் கோபுரத்தில் சிற்பத்தோடு இலக்கணச் சுலோகமும் பொறிக்கப்பெற்றுளது. ஆயினும், சிற்பம் ஒரு கணத்து நிலையைக் காட்டுமேயன்றி, ஒரு நிலையினின்று மற்றொன்றுக்குச் செல்லும் வழியைக் காட்டாது.

அவ்வழியையும் எழுத முயன்றவர் ருடால்ஃப் லாபான் என்னும் மேலைநாட்டு அறிஞர். அவர் 1928-இல் வெளியிட்ட முறையில், நெடுங்கோடுகளுக்கிடையே குறிகளை இட்டுக் கீழிருந்து மேலாகப் படிப்பர். குறியின் வடிவம் திசையையும், அதனுள் இடும் நிறப்பு உயரத்தையும், அதன் நீளம் காலத்தையும் உணர்த்தும்.

மாணவர்களே! நீங்களும் ஒரு முறை வகுக்கலாம். தறியொலி கேட்டு வளர்ந்த இராசபாளையத்துப் பிள்ளைகளுக்கு இஃது அரிதன்று. சேலைக் கரையில் வரும் பூவைக் கட்டத்தாளில் முன்னரே குறித்துக்கொள்ளும் வழக்கம் நெசவில் உண்டு. அதுபோல, ஒரு கட்டத்தை ஓர் எண்ணிக்கையாகக் கொள்க. கியூபா நாட்டு இசையில் வேரூன்றி, நியூயார்க் நகரில் வளர்ந்து, 1970-களில் பெரும்புகழ் பெற்ற சால்சா என்னும் இணையாடலை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை நடைக்கு எட்டு எண்ணிக்கை, அடிகளோ ஆறு. ‘இ’ என்பது இடக்கால்; ‘வ’ என்பது வலக்கால்.

இ முன், வ நின்றவிடம், இ நடு, ஓய்வு;
வ பின், இ நின்றவிடம், வ நடு, ஓய்வு.

எதிரே நிற்பவர்க்கு இது மாறிவரும்: அவர் முதலில் வலக்காலைப் பின்வைப்பர். ஆகவே, இருவர்க்கும் இரு வரிசைகள் வேண்டும். கைகோத்தலுக்கும் சுழற்சிக்கும் தனிக்குறிகள் வேண்டும்.

முறை செவ்விதா என்பதை எவ்வாறு அறிவது? நும் ஊர்க் கும்மியை ஒருவர் எழுதுக; அதனைக் கண்டறியாத மற்றொருவர் படித்து ஆடுக. அவர் தடுமாறும் இடமே எழுத்தில் குறையுள்ள இடம்.

எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில், சுரங்களோடு கமகங்களுக்கும் குறியிட்டார். அதனால் பல கீர்த்தனங்கள் அழியாது நின்றன. எனினும், அவற்றுக்கு உயிரூட்டப் பாடகரின் குரல் வேண்டும். ஆடலும் அத்தகையதே. ஏடு ஆசிரியருக்கு ஈடாகாது; ஆனால், ஆசிரியர் இல்லாத காலத்தில் அவர் சென்ற வழியைக் காட்டும். தஞ்சையின் வெறுங்கற்களைக் காணுந்தோறும் இதனை நினைவிற் கொள்க.