எந்த உலோகம் பிடிபடுகிறது? – ஈடிடிஏவை வகுப்பறையில் கற்பித்தல்

மேல்நிலை வகுப்பில் அணைவுச் சேர்மங்கள் பாடத்தை நடத்தும்போது, ஈடிடிஏ ஓர் ஆறுமுனை ஈனி என்பதை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதன் பயன் என்ன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அதற்கு நான் கையாளும் வழி ஒரே வினாதான்: "இங்கே எந்த உலோக அயனி பிடிபடுகிறது? பிடிபட்டதும் எது நின்றுபோகிறது?"

கருத்து

நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல, ஒரு மூலக்கூறு பல முனைகளால் ஒரே உலோக அயனியைப் பற்றிக்கொள்வது கொடுக்கிணைப்பு. ஈடிடிஏ இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன் அணுக்களால் பற்றுகிறது. கீழ்வகுப்புகளில் இதை விளையாட்டாகவே காட்டலாம். பந்தை ஒரு விரலால் தாங்கச் சொல்லுங்கள்; பிறகு இரு கைகளாலும் பிடிக்கச் சொல்லுங்கள்.

பல் வேரில்

வேர் சிகிச்சையில் பல் மருத்துவர் மெல்லிய அரங்களால் வேர்க்குழாயைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறார். அப்போது உதிரும் பல்தூளும் திசுத் துணுக்குகளும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து குழாய்ச் சுவரில் பூச்சாக ஒட்டி, டென்டினின் நுண்குழல்களை அடைத்துவிடுகின்றன. சோடியம் ஹைப்போகுளோரைட் இப்பூச்சின் கரிமப் பகுதியைக் கரைக்கும். தாதுப் பகுதியை நீக்காது. 17 விழுக்காடு ஈடிடிஏ கரைசல் கால்சியத்தைப் பிடித்து அந்த மீதியை நீக்குகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடம் போதும். நேரம் நீண்டால் டென்டினே அரிபடும். இரண்டு கரைசல்களும் கலந்தால் ஹைப்போகுளோரைட்டின் வீரியம் குறையும். வேர் சிகிச்சையில் ஈடிடிஏவை 1957இல் அறிமுகப்படுத்தியவர் நார்வே நாட்டு நைகார்ட்-ஆஸ்ட்பி.

ஆய்வகத்தில்

இரத்தம் உறையக் கால்சியம் தேவை. ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈடிடிஏ அதைப் பிடித்துக்கொள்வதால் இரத்தம் உறையாமல் இருக்கிறது. அணுக்களை எண்ண முடிகிறது. டிஎன்ஏவைச் சிதைக்கும் பல நொதிகளுக்கு மக்னீசியம் வேண்டும். அதைப் பிடித்துவிட்டால் டிஎன்ஏ பாதுகாக்கப்படும். வளர்ப்புத் தட்டில் ஒட்டியுள்ள செல்களைப் பிரிக்க, டிரிப்சினுடன் ஈடிடிஏ சேர்ப்பதும் கால்சியத்தை அகற்றவே.

பெயரில் உள்ள உயிர்

ஈய நச்சுக்குத் தரப்படுவது கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ. அது கால்சியத்தை விட்டு ஈயத்தைப் பிடிக்கும். கால்சியம் இல்லாத டைசோடியம் ஈடிடிஏவோ இரத்தத்தில் உள்ள கால்சியத்தையே இழுத்துவிடும். அமெரிக்காவில் 2005இல் ஈய நச்சுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைக்கு இவ்விரண்டும் மாறிப்போனதால் உயிர் பறிபோனது. வேதிப்பெயரை முழுமையாக ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கும் மாணவருக்கு இதைச் சொல்லுகிறேன்.

செயல்பாடு

இரு சோதனைக் குழாய்களில் கடினநீர் எடுங்கள். ஒன்றில் மட்டும் சிறிதளவு டைசோடியம் ஈடிடிஏவைக் கரையுங்கள். இரண்டிலும் சம அளவு சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை பொங்கும். மற்றதில் திரிதிரியாக வெள்ளைப் படிவு தோன்றும். காரணத்தை மாணவர்களே சொல்லட்டும்.

மதிப்பீட்டு வினா

ஒருவரின் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் மிகக் குறைவாகவும் பொட்டாசியம் மிக அதிகமாகவும் வந்தது. அவருக்கோ எந்தத் தொல்லையும் இல்லை. என்ன நடந்திருக்கலாம்?

விடை: ஊதா மூடிக் குழாயின் இரத்தம் இதில் கலந்திருக்கலாம். அதில் இருப்பது ஈடிடிஏவின் பொட்டாசியம் உப்பு. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவரைவிட, எந்த அயனி பிடிபட்டது என்று யோசிப்பவரே இவ்விடையை எட்டுவார்.