‘எந்த குரூப்?’ என்று கேட்கும் முன்



பத்தாம் வகுப்பு முடிந்ததும் வீட்டில் எழும் கேள்வி, ‘எந்த குரூப்பில் சேர்க்கலாம்?’ மாமா சொல்வார், பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். பிள்ளையிடம் மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

வளரும் பிள்ளைகளின் ‘நான் யார்?’ என்ற தேடலை ஆராய்ந்தவர் எரிக் எரிக்சன். 1902-ல் ஜெர்மனியில் பிறந்தார். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. வளர்ப்புத் தந்தை யூதர். பள்ளியில் ‘யூதன்’ என்று கேலி. யூத ஆலயத்திலோ, தோற்றத்தைப் பார்த்து ‘நீ நம்மவன் இல்லை’ என்று கேலி.

பள்ளிப் படிப்புக்குப் பின் அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெறவில்லை. சில ஆண்டுகள் ஓவியம் வரைந்து ஊர் ஊராகத் திரிந்தார். 1927-ல் வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியரானார். அன்னா பிராய்டிடம் உளப்பகுப்பாய்வு கற்றார். 1960-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1918-ல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் காந்தியடிகளின் பங்கை ஆராய்ந்து எழுதிய நூலுக்கு 1970-ல் புலிட்சர் பரிசு பெற்றார்.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரை பிள்ளைகள் தம்மைத் தேடும் காலம். பல வழிகளைப் பார்த்துத் தெளிய அவகாசம் வேண்டும் என்றார் அவர். அவர் வழியில் 1966-ல் ஜேம்ஸ் மார்சியா இளைஞர்களை நான்கு நிலைகளாகப் பிரித்தார்:

1. தேடிப் பார்த்து, உறுதியான முடிவுக்கு வந்தவர்.
2. இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்.
3. தேடாமலே, பெரியவர்கள் சொன்னதை ஏற்றவர்.
4. தேடலும் இல்லை, முடிவும் இல்லை.

மூன்றாமவரை ‘சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை’ என்று மெச்சுகிறோம். ஆனால் கல்லூரியில் ஒரு பாடம் கடினமானால், ‘இது நான் எடுத்த முடிவில்லையே’ என்று அந்தப் பிள்ளை சோர்ந்துபோகலாம். இரண்டாமவரைத் ‘தெளிவில்லாதவன்’ என்று திட்டுகிறோம். அவனோ சரியான பாதையில்தான் இருக்கிறான்.

போடிமெட்டு ஏறித் தோட்ட வேலைக்குப் போகும் வீடானாலும், ஏலக்காய் வியாபாரம் செய்யும் வீடானாலும், ‘நம்ம வீட்டுப் பிள்ளைக்கு இதுதான்’ என்று முத்திரை குத்த வேண்டாம். விடுமுறையில் ஏலக்காய் ஏல மையம், வங்கி, மருத்துவமனை, ஐ.டி.ஐ. என்று அழைத்துப் போய்க் காட்டுங்கள். அங்கு வேலை செய்பவர்களோடு பேச விடுங்கள். மகனுக்குச் செய்வதை மகளுக்கும் செய்யுங்கள். செலவு, தூரம், வேலை வாய்ப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். தேட விடுவது கைவிடுவது அல்ல, கூடவே நடப்பது.

இன்றிரவு சாப்பிடும்போது கேளுங்கள்: “உனக்கு எதுல மனசு போகுது?” உடனே பதில் வராவிட்டால் பரவாயில்லை. அத்தா கேட்டார், அம்மா கேட்டார் என்பதே பிள்ளைக்குப் பெரிய தெம்பு.