பேசாத நோயாளியின் மருத்துவர்: உள்ளூர் விலங்கு மருத்துவமனையை அறிந்து பயன்படுத்துதல்

நோயுற்ற மனிதர் எங்கே நோகின்றது, எப்போது தொடங்கியது என்று தாமே மருத்துவரிடம் கூறுவர். நாயும் பூனையும் அவ்வாறு கூறுவதில்லை. ஆதலால் விலங்கு மருத்துவர் இரண்டு வழிகளில் நோயை அறிகின்றார். ஒன்று, கையாலும் கண்ணாலும் கருவிகளாலும் அவர் செய்யும் பரிசோதனை. மற்றையது, அவ்விலங்கோடு ஒரே வீட்டில் வாழ்பவர் கூறும் செய்தி. இரண்டாவது வழி அடைபட்டால் முதலாவது வழி நீண்டுவிடும். காலமும் பணமும் கூடுதலாகச் செலவாகும். சில வேளைகளில் உயிரும் போய்விடும்.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வளர்ந்த பலருக்கு மிருக வைத்தியர் என்பவர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து கொடுக்க வருபவர், அல்லது விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடுபவர். நாய் முற்றத்தில் காவலுக்கு நின்றது. பூனை தன்பாட்டில் வந்து போனது. சிட்னியில் நாயும் பூனையும் வீட்டுக்குள் வாழ்கின்றன. பகல் வேளைகளில் அவற்றோடு இருப்பவர் பெரும்பாலும் அப்பம்மாவோ தாத்தாவோ ஆவர். மருத்துவமனைக்கு அவற்றை எடுத்துச் செல்பவரோ ஆங்கிலம் பேசும் மகன் அல்லது மகள். கண்டவர் ஒருவர், சொல்பவர் வேறொருவர். இந்த இடைவெளியை நிரப்பும் முறையை இப்பாடம் விளக்குகின்றது.

மருத்துவமனையில் பணிபுரிவோர்

ஆஸ்திரேலியாவில் விலங்கு மருத்துவராக விரும்புவோர் பல்கலைக்கழகத்தில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை கற்கின்றனர். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் இக்கல்வி 1910ஆம் ஆண்டு தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வசித்துத் தொழில் புரியும் ஒவ்வொரு விலங்கு மருத்துவரும், 2003ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவத் தொழிற் சட்டத்தின் கீழ் இயங்கும் மாநில வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். மருத்துவரின் தொழில் நடத்தை பற்றிய முறைப்பாடுகளையும் அவ்வாரியமே விசாரிக்கின்றது.

மனிதருக்கான மருத்துவத்தில் கண், பல், தோல், எலும்பு என்று தனித்தனி மருத்துவர் இருப்பர். உள்ளூர் விலங்கு மருத்துவமனையில் ஒரே மருத்துவர் காலையில் தடுப்பூசி போடுவார், நண்பகலில் அறுவைச் சிகிச்சை செய்வார், மாலையில் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பார். பல் பிடுங்குபவரும் மயக்கமருந்தின் அளவைக் கணிப்பவரும் அவரே. அவருடன் விலங்குத் தாதியர் பணிபுரிகின்றனர். விலங்கை அசையாது பிடித்தல், இரத்தம் எடுக்க உதவுதல், மயக்க நிலையில் மூச்சையும் நாடியையும் கவனித்தல் ஆகியன அவர்களின் பொறுப்புகள். நோய் சிக்கலானதாயின் உள்ளூர் மருத்துவர் சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் எழுதி அனுப்புவார். கேம்பர்டவுனில் உள்ள பல்கலைக்கழகப் போதனா மருத்துவமனை அத்தகைய இடங்களுள் ஒன்று.

மருத்துவர் எவ்வாறு நோயை அறிகின்றார்?

விலங்கு அறைக்குள் வரும்போதே பரிசோதனை தொடங்கிவிடுகின்றது. அது நடக்கும் விதம், தலையைப் பிடிக்கும் விதம், மூச்சு விடும் விதம் ஆகியவற்றை மருத்துவர் கவனிக்கின்றார். பின்னர் அதன் எடை பார்க்கப்படும். மருந்தின் அளவு கிலோகிராம் கணக்கிலேயே தீர்மானிக்கப்படுவதால் இது முக்கியமானது. முரசை விரலால் அழுத்தி விடும்போது வெளுத்த இடம் ஏறக்குறைய இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதித்தால் இரத்த ஓட்டம் குறைந்துள்ளது என்பது பொருள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும். ஆகவே மனிதரின் கைக்கு நாய் சற்றுச் சூடாகத் தோன்றுவது காய்ச்சல் ஆகாது.

இவற்றைப் பார்த்துக்கொண்டே மருத்துவர் கேள்விகள் கேட்பார். எப்போது கடைசியாக உண்டது? நீர் குடிப்பது கூடியதா, குறைந்ததா? வாந்தியின் நிறம் என்ன? சிறுநீர் போகின்றதா? எங்கே சென்று வந்தது? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே எந்தப் பரிசோதனை தேவை, எது தேவையில்லை என்று அவர் முடிவு செய்கின்றார்.

அப்பம்மா கண்டது

ஒரு குடும்பம் வார இறுதியில் நாயுடன் கடற்கரையை அண்டிய புதர்ப்பகுதிக்குச் சென்று திரும்புகின்றது என்க. புதன்கிழமை காலையில் நாய் குரைக்கும் ஒலி மாறியிருப்பதை அப்பம்மா கவனிக்கின்றார். நண்பகலில் அதன் பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. மாலையில் வேலையால் வரும் மகன், சட்டியில் உணவு அப்படியே இருப்பதை மட்டும் காண்கின்றார். மருத்துவமனையில் அவர் கூறுவது, “இன்று சாப்பிடவில்லை” என்பது மட்டுமே.

சாப்பிடாமைக்கு நூறு காரணங்கள் உண்டு. ஆனால் குரல் மாற்றம், பின்னங்கால் தள்ளாட்டம், கடற்கரைப் புதர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மருத்துவரின் எண்ணம் உடனே ஒன்றை நாடும். அது ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரத்தில் வாழும் முடக்குவாத உண்ணி. அது உடலில் ஒட்டிச் சில நாட்களின் பின்னரே அதன் நஞ்சு வேலை செய்யத் தொடங்கும். நஞ்சு கால்களிலிருந்து மேலேறி மூச்சுத் தசைகளை எட்டினால் விலங்கு இறந்துவிடும். நஞ்சுமுறி மருந்து உண்டு; எவ்வளவு விரைவாக அது கொடுக்கப்படுகின்றதோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடும். இத்தகைய நாய்க்கு வீட்டில் உணவோ நீரோ ஊட்டுதல் கூடாது. விழுங்கும் ஆற்றல் குறைந்திருப்பதால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

அந்த நாயின் உயிருக்குத் தேவையான செய்தி அப்பம்மாவிடமே இருந்தது. மகன் புறப்படுமுன் “அம்மா, இன்றைக்கு என்ன கண்டீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதனிலும் மேலானது அவரையும் அழைத்துச் செல்வது, அல்லது மருத்துவரின் முன்னிலையில் தொலைபேசியில் அவரைப் பேசவைத்து மொழிபெயர்ப்பது. மொழிபெயர்ப்பவர் வீட்டில் இல்லாதபோது, தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய இயலுமா என்று மருத்துவமனையிடம் கேட்கலாம். நாடு முழுவதற்குமான மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. அது இரவும் பகலும் இயங்குகின்றது. கட்டணம் உண்டா, அதைச் செலுத்துபவர் யார் என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

வீட்டில் வைத்திருக்க வேண்டிய குறிப்பு

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி வைத்தால், பகலில் இருப்பவர் தமிழிலேயே நேரத்தோடு குறித்து வைக்கலாம்.

1. கடைசியாக உண்ட நேரமும் உணவும்.
2. வாந்தி, வயிற்றோட்டம்: எத்தனை முறை, என்ன நிறம்.
3. சிறுநீரும் மலமும் வழமைபோல் போகின்றனவா என்பது.
4. நடை, குரல், மூச்சு ஆகியவற்றில் கண்ட மாற்றம்.
5. கடித்துத் தின்றிருக்கக்கூடிய பொருள், செடி, மருந்து. அதன் உறை இருந்தால் அதுவும்.
6. முன்னர் கொடுத்த மருந்துகளும் தடுப்பூசி போட்ட நாளும்.

கைப்பேசியில் எடுத்த சிறு காணொளி பல சொற்களுக்கு ஈடானது. வீட்டில் இருமும் நாய் மருத்துவமனையில் இருமாது நிற்கும். நொண்டும் பூனை மேசைமீது அசையாது இருக்கும்.

காலை வரை காத்திருக்கக் கூடாதவை

ஆண் பூனை மண் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கினால், அது மலச்சிக்கல் என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் அது சிறுநீர்க்குழாய் அடைப்பாக இருக்கும். அடைப்பு நீங்காவிடின் ஓரிரு நாட்களில் பூனை இறந்துவிடும்.

பாம்புக் கடி மற்றொன்று. மேற்குச் சிட்னியில் கபிலநிறப் பாம்பும் சிவந்த வயிற்றுக் கரும்பாம்பும் உள்ளன. பாம்பைக் கண்ட நாய் திடீரென விழுந்து, சிறிது நேரத்தில் எழுந்து வழமைபோல் நடக்கக்கூடும். அது தப்பிவிட்டது என்பதற்கு அடையாளம் அன்று. கடும் நஞ்சு ஏறியதற்கான அறிகுறி. அதை நடக்க விடாது தூக்கிச் செல்ல வேண்டும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயலுதல் கூடாது.

மூச்சுத் திணறல், வலிப்பு, வாகனம் மோதுதல், கடும் வெப்பத்தில் மயங்குதல் ஆகியனவும் இவ்வகையினவே. உள்ளூர் மருத்துவமனை மூடியிருக்கும் வேளையில் எந்த அவசர மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை விலங்கு நலமாக இருக்கும்போதே கேட்டுக் குறித்து வைத்தல் வேண்டும்.

சமையலறையும் மருந்துப் பெட்டியும்

வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை ஆகியவற்றின் இரத்தச் செவ்வணுக்களைச் சிதைக்கின்றன. எனவே கறிச்சாறு பிசைந்த சோறு அவற்றுக்கு ஏற்றதன்று. பாயசத்திலும் பொங்கலிலும் இடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சாகும். பூசைக்கோ அழகுக்கோ வாங்கும் லில்லி மலரின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதடையக்கூடும்.

மனிதருக்கான பரசிட்டமோல் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதுமானது. நாயின் தெள்ளுக்கும் உண்ணிக்கும் விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு ஆகாது. இவற்றுள் ஏதேனும் நிகழ்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறையாது கூறுதல் வேண்டும். “நான்தான் கொடுத்தேன்” என்று சொல்ல ஒரு முதியவர் கூச்சப்படுவது இயல்பே. எனினும் மருத்துவர் கேட்பது மருந்தைத் தீர்மானிப்பதற்காகவே. குற்றம் சுமத்துவதற்காக அன்று.

கட்டணமும் சம்மதமும்

மெடிகெயார் விலங்குகளுக்கு உதவுவதில்லை. முழுச் செலவும் உரிமையாளருடையது. காப்புறுதி எடுப்போர், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது பொதுவாகப் பணம் தராது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். சிகிச்சை தொடங்குமுன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேட்பது உரிமையாளரின் உரிமை. கையில் உள்ள தொகையை முதலிலேயே கூறுவதில் வெட்கம் இல்லை. இன்றே செய்ய வேண்டியது எது, பிற்போடக்கூடியது எது என்று பிரித்துக் கூற மருத்துவரால் இயலும். சம்மதப் படிவம் விளங்கவில்லையெனில், விளங்கும்வரை கேட்டபின்பே ஒப்பமிடலாம்.

மாநிலத்தில் விலங்கு மருத்துவர் பற்றாக்குறை நிலவுகின்றது. 2023ஆம் ஆண்டில் மாநில மேலவைக் குழு ஒன்று இதுபற்றி விசாரணையும் தொடங்கியது. காத்திருக்க நேர்வது அலட்சியத்தால் அன்று. பணம் பற்றிய சினத்தைத் தாதியர்மீது கொட்டுதல் எவருக்கும் உதவாது.

இறுதி முடிவு

மீளாத நோயில் வருந்தும் விலங்குக்கு ஊசி ஏற்றி அமைதியான முடிவைத் தருமாறு மருத்துவர் ஆலோசனை கூறக்கூடும். நாளத்தில் அளவு மிகுந்த மயக்கமருந்து ஏற்றப்படுகின்றது. விலங்கு நினைவிழந்த பின்னரே இதயம் நிற்கின்றது. உயிரெடுத்தல் பாவம் என்று கருதும் குடும்பங்களுக்கு இது கடினமான வேளை. முடிவெடுப்பவர் உரிமையாளரே; நோவைத் தணிக்கும் மருந்தோடு இயற்கையான முடிவுக்குக் காத்திருக்க இயலுமா என்று கேட்கலாம். ஆனால் நோவுறும் விலங்கைச் சிகிச்சையின்றி விட்டுவிடுவது 1979ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். முடிவின்போது அருகில் இருக்கவும், முன்னதாக வீட்டு முதியவரும் பிள்ளைகளும் விடைபெறவும் மருத்துவமனையிடம் கேட்கலாம்.

நகரசபையுடன் தொடர்புடையவை

1998ஆம் ஆண்டின் தோழமை விலங்குகள் சட்டத்தின்படி நாய்க்கும் பூனைக்கும் 12 வாரம் நிறையுமுன், அல்லது அதற்கு முன்பே விற்கப்பட்டாலோ கைமாறினாலோ அவ்வேளையில், மைக்ரோசிப் பொருத்துதல் வேண்டும்; 6 மாத வயதளவில் பதிவு செய்தல் வேண்டும். மைக்ரோசிப்பில் உள்ளது ஓர் எண் மட்டுமே. விலங்கு நிற்கும் இடத்தை அது காட்டாது. அந்த எண்ணுக்குரிய முகவரியும் தொலைபேசி எண்ணும் பழையனவாக இருந்தால், வழிதவறிய நாயைக் கண்டெடுத்த மருத்துவரால் உரிமையாளரை அழைக்க இயலாது. வீடு மாறும் ஒவ்வொரு முறையும் அவ்விவரத்தைத் திருத்துதல் வேண்டும். அங்கும் பேச இயலாத விலங்குக்காக யார், எங்கே என்ற விடையை முன்கூட்டியே சொல்லி வைப்பவர் அதன் வீட்டாரே.